இருபத்தாறு நிமிஷத்துக் குற்றம்

சோப்புத் தொழிற்சாலையில் அவளைப் பேனலக்கா என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பத்தொன்பது வருஷமாக அவள் உட்கார்ந்திருந்தது பச்சைப் பீரோவுக்கு எதிரே ஒரு மர ஸ்டூலில். பீரோ என்றால் துணி வைக்கிற பீரோ இல்லை. கன்ட்ரோல் பேனல் என்கிற ஆள் உயர இரும்புப் பெட்டி, முகத்தில் விளக்குகளும் பட்டன்களும், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை. உள்ளே இருக்கிற கருவிதான் சோப்பு காய்ச்சுகிற மூன்று கொப்பரைகளுக்கும் எப்போது எண்ணெய் போக வேண்டும், எப்போது ஆவி போக வேண்டும் என்று உத்தரவு போடும். பீரோவுக்குப் பச்சைச் சாயம் அடித்தவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். பீரோ மட்டும் போகவில்லை.

அவள் அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தபோது வயது இருபது. மாமியார் பெற்றது ஐந்து, தங்கினது மூன்று. மூத்தவர் இவள் வீட்டுக்காரர், தையல் வேலை. நடுவில் ஒரு நாத்தனார், அவளைத் தூரத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. கடைசி கொழுந்தன், அப்போது ஒன்பது வயது. பல் விழுந்த வாயோடு வந்து, "அண்ணி, உங்களுக்குக் கணக்கு வருமா?" என்றுதான் முதல் வார்த்தை பேசினான். அவன் படிப்புக்கும் காய்ச்சலுக்கும் இவள்தான் விழித்திருந்தாள். பிறகு அதே தொழிற்சாலையில் குழாய் ஃபிட்டராகச் சேர்த்துவிட்டவளும் இவள்தான். அவனுக்குப் பெண் பார்க்கப் போனபோது மருந்துக்கடையில் வேலை பார்த்த பெண்ணைப் பார்த்து, "இவ போதும், இவளுக்குக் கண்ணு நேரா பாக்குது" என்று முடிவு சொன்னதும் இவள்தான். அப்படி வந்தவள்தான் ஓர்ப்படி. இவளை அக்கா என்பாள். பத்து வருஷத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கரண்டிச் சண்டை கூட வந்ததில்லை.

இந்தக் குடும்பத்துக்குள் புகுந்து கலகம் செய்தது ஒரு வெள்ளைப் பெட்டி.

தலைமை ஆபீசில் இருப்பவர்களுக்குத் தொழிற்சாலை முழுவதையும் கைப்போனில் பார்க்க ஆசை வந்தது. பழைய பீரோவைத் தூக்கிவிட்டுப் புதிது வைக்க மனசில்லை. அதனால் பீரோ பேசுவதைக் கேட்டு இன்டர்நெட்டில் ஏற்றிவிட ஒரு சின்னப் பெட்டி வந்தது. சாப்பாட்டு டப்பா அளவு, தலையில் இரண்டு கொம்பு. அதைக் கொண்டுவந்த இளைஞரை எல்லாரும் பெட்டிக்காரர் என்றார்கள். வேலையில் சுறுசுறுப்பு, பேச்சில் மரியாதை, காதில் மட்டும் எதுவும் ஏறாது. பீரோவின் வரைபடத்தை வாங்கி விரித்தார், கேபிளைச் சொருகினார், ஆவி கசிந்தால் அலாரம் கொடுக்க, குழாய்களின் மேல் ஆங்காங்கே சத்தம் பிடிக்கிற கருவிகளை ஒட்டினார். அந்தக் கருவிகளுக்குப் பீரோவோடு சம்பந்தம் இல்லை. அவை நேரே கொம்புப் பெட்டியோடு பேசும்.

பேனலக்கா எழுந்து வந்து, "தம்பி, இதுல எழுதியிருக்கறதுக்கும் நடக்கறதுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கு. அரை மணி நேரம் உக்காருங்க, ஒண்ணொண்ணா சொல்றேன்" என்றாள்.

"வேண்டாம்க்கா. உள்ள இருக்கறத எல்லாம் பீரோவே எங்களுக்குச் சொல்லிடும்."

"அது வாயில்லாதது."

"வாய் வைக்கத்தானே நாங்க வந்திருக்கோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சொல்ல வந்ததைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு ஸ்டூலுக்குத் திரும்பினாள். அந்த அரை மணி நேரத்தை அவர் கொடுத்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

மூன்று மாதம் ஓடியது. மானேஜர் வாராவாரம் எல்லாரையும் நிற்க வைத்துத் திட்ட ஆரம்பித்தார். "நீங்க எப்படி வேலை பாக்குறீங்கன்னு இப்பத்தான் தெரியுது. அலாரம் அடிச்சா அசையறதில்ல. எல்லாம் சிவப்புப் புள்ளி" என்று கைப்போனை ஆட்டிக் காட்டுவார். காட்டுவாரே தவிரக் கையில் கொடுக்க மாட்டார். மானேஜர்கள் திட்டுவது புதிதா என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் அந்த வியாழக்கிழமை வந்தது. மத்தியானம் மூன்று மணி தாண்டி இரண்டாவது கொப்பரைக்கு ஆவி போய்க்கொண்டிருந்தது. குழாய் இணைப்பில் ஆவி கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் நைந்து போயிருந்தது. அதை மாற்றச் சொல்லி பேனலக்கா பதிவு நோட்டில் மூன்று தடவை எழுதியிருந்தாள். மூன்று தடவையும் பக்கத்திலேயே மானேஜரின் கையெழுத்து இருந்தது. கையெழுத்து இருந்தது, கேஸ்கெட் வரவில்லை. கொழுந்தன் அந்தக் குழாய்க்குக் கீழே ஸ்பேனரோடு குனிந்தபோது இணைப்பு பிய்ந்துகொண்டது.

அந்தச் சத்தத்தை அவள் காது கேட்பதற்குள் கை பீரோவுக்குப் போய்விட்டது. இரண்டாம் நம்பர் சிவப்புப் பட்டனை அறைந்தாள். ஆவி நின்றது. பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். கொழுந்தன் இடது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வெந்திருந்தது, கழுத்தின் ஒரு பக்கமும். "அண்ணி, கண்ணு தெரியல" என்றான். இரண்டு பேராகத் தாங்கி வேனில் ஏற்றினார்கள். அவன் தலை அவள் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் பேர் சொல்லிக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். கண் தப்பியது. கை தப்புமா என்று தெரியப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

நான்காம் நாள் அவளுக்கு ஒரு காகிதம் கொடுத்தார்கள். மூன்று பன்னிரண்டுக்கு அலாரம் வந்தது, மூன்று முப்பத்தெட்டுக்குத்தான் பட்டன் அமுக்கப்பட்டது, இருபத்தாறு நிமிஷம் நீ இடத்தில் இல்லை, இதனால் ஒரு தொழிலாளிக்குக் காயம், விசாரணை முடியும் வரை வேலைக்கு வராதே என்று அதில் இருந்தது. அடியில், குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட ஒரு கோடு.

அவள் காகிதத்தோடு நேரே மானேஜர் அறைக்குப் போனாள்.

"சார், மூணு முப்பத்தெட்டுக்கு நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். சீட்டுல கையெழுத்து இருக்கு."

"அதத்தான் நாங்களும் சொல்றோம். நீங்க அமுக்காம ஓடிட்டீங்க. அப்புறம் வேற யாரோ வந்து அமுக்கியிருக்காங்க."

"யாரு அமுக்கினது?"

"அது விசாரணையில தெரியும். மூணு இருபதுக்கு நானே போன்ல பாத்தேன். பட்டன் அமுக்கல."

"இருபத்தாறு நிமிஷம் ஆவி அடிச்சிருந்தா என் கொழுந்தன் கையோட போயிருப்பானா சார்? அந்தக் கொட்டகையில ஒரு பல்லி மிஞ்சியிருக்காது. உங்க சத்தம் பிடிக்கிற கருவியக் கேளுங்க, எப்ப நின்னுதுன்னு."

"அது முதல் அடியிலயே வெந்துபோச்சு. அதுக்கப்புறம் அதுல ஒண்ணும் இல்ல."

"அப்ப வெந்துபோனதோட பேச்சை நம்புவீங்க, உயிரோட நிக்கிறவ பேச்சை நம்ப மாட்டீங்க."

"டேட்டா பொய் சொல்லாதும்மா" என்றார் மானேஜர். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கூட அவளுக்கு அவ்வளவு எரிந்திருக்காது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு கொப்பரையைக் கூடப் பொங்கவிடாத பெண்ணிடம் நாக்கு கூசாமல், அவள் பொய் சொல்கிறாள் என்பதை மரியாதையாகச் சொன்னார். கேஸ்கெட்டைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு எழுத்து கிடையாது. அந்த நைந்த கேஸ்கெட்டை ஒளிக்க அவர்களுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. கைப்போன் ஆளைக் காட்டிக் கொடுத்தது.

அதோடு விட்டார்களா. வைத்தியப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க ஓர்ப்படியை ஆபீசுக்குக் கூப்பிட்டவர்கள், அவளிடமும் அந்தப் போனை நீட்டினார்கள். தொழிலாளிக்குக் காட்டாத போன் தொழிலாளியின் பெண்டாட்டிக்குக் காட்டக் கிடைத்தது.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓர்ப்படி எதிரே வந்தாள். கையில் பஞ்சுப் பொட்டலம். மருந்துக்கடைக்காரி என்பதால் கட்டுப் பிரிக்கிற வேலையை நர்ஸ் அவளிடமே விட்டிருந்தார். முதல் மூன்று நாளும் அவளுக்குக் கூடவே நின்று கையைப் பிடித்துக் கொடுத்தது பேனலக்காதான்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே. நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்களா அன்னிக்கு?"

"எங்க போறேன்?"

"எங்கயோ. டீ குடிக்க, வெளிய. மனுஷங்கதானே."

"நான் போகல. சத்தம் கேட்ட அந்த நிமிஷமே அமுக்கினேன்."

ஓர்ப்படி தரையைப் பார்த்தாள். "போன்ல காட்டுனாங்கக்கா. செவப்பா இருந்துச்சு. மணி எல்லாம் போட்டிருந்துச்சு."

"நான் சொல்றேன்ல."

"நீங்க சொல்றீங்க. அதுவும் சொல்லுதே." கதவுப் பக்கம் திரும்பி, "இன்னிக்கு நானே கட்டிக்கறேன்க்கா. நீங்க வீட்டுக்குப் போங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தக் கதவு சாத்தின சத்தம் ஆவி வெடித்த சத்தத்தை விட மோசம். ஒன்பது வயதிலிருந்து அவள் தலை துவட்டிவிட்ட பிள்ளை உள்ளே கிடக்கிறான். அவனை வேக வைத்தவள் என்று இவளை வெளியே நிறுத்தியாயிற்று. வேலை போனால் போகட்டும், இன்னொரு ஸ்டூல் எங்காவது கிடைக்கும். இந்தப் பேரோடு எப்படி அந்த வீட்டில் கால் வைப்பது?

வீட்டுக்காரர் நல்லவர், ஆனால் சண்டை என்றால் ஊசி நூலைத் தேடுவார். "என்னமோ எழுதியிருக்காங்க. கையெழுத்தப் போட்டுட்டு மன்னிப்புக் கேட்டா வேலை நிக்கும்ல" என்றார்.

"நீங்களும் நம்புறீங்களா?"

"நான் நம்பறனா இல்லையாங்கறதா இப்ப பேச்சு?"

"அதுதான் பேச்சு."

அவர் தையல் மிஷினை வேகமாக மிதிக்க ஆரம்பித்தார். அவள் அந்த வாரம் முழுக்க அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த ஷிப்டின் பேனல்காரர் வந்தார். எல்லாருக்கும் அவர் 'தூக்கம்'. எப்போதோ ஒருநாள் கண் அசந்ததற்கு வாழ்நாள் பட்டம். ஆறுதல் சொல்லத்தான் வந்தார், ஆனால் அவர் சட்டைப்பையிலும் ஒரு காகிதம் இருந்தது.

"எனக்கும் குடுத்துட்டாங்க. மூணு அலாரத்துக்கு லேட்டாம். பேரு அப்படி, நான் சொன்னா எவன் நம்புவான்?"

அவள் இரண்டு காகிதத்தையும் தையல் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவருடைய முதல் அலாரத்துக்கு இருபத்தாறு நிமிஷத் தாமதம். இரண்டாவதுக்கும் இருபத்தாறு. மூன்றாவதுக்கும் இருபத்தாறு.

"ஏன்ணே, தூங்கறவன் தூங்கினா ஒரு நாள் அஞ்சு நிமிஷம் தூங்குவான், ஒரு நாள் அரை மணி தூங்குவான். அது எப்படி எல்லாரும் அளந்து வெச்ச மாதிரி இருபத்தாறு நிமிஷம் சோம்பேறியா இருப்போம்?"

தூக்கம் மூன்று இருபத்தாறையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அவர் மெதுவாக, "பேனல் மணி" என்றார்.

பேனல் மணி என்பது அந்தத் தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பச்சைப் பீரோவுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. கொப்பரை சூடேற இருபத்தைந்து நிமிஷம் ஆகும். ஆட்கள் ஷிப்ட் மணி அடித்த பிறகு ஆடி அசைந்து வந்து ஆவி திறந்தால் முதல் அரை மணி வீண். அதனால் முன்பு இருந்த ஃபோர்மேன் ஒருவர் பீரோவின் கடிகாரத்தை இருபத்தைந்து நிமிஷம் முன்னுக்குத் தள்ளி வைத்துவிட்டார். காலப்போக்கில் அது தானாக இன்னொரு நிமிஷமும் ஓடிப் போயிற்று. அவர் போய்ப் பல வருஷம் ஆனது, யாரும் அதைத் திருத்தவில்லை. பேனல் மணி என்று ஒன்று, வெளி மணி என்று ஒன்று என்று மனசுக்குள்ளேயே கழித்துக்கொண்டு எல்லாரும் பழகிவிட்டார்கள். "பேனல் ஆறுக்கு வந்துடு" என்றால் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அங்கே கூட்டுகிறவருக்குக் கூடத் தெரியும். மேலே இருக்கிறவர்களுக்கு மட்டும் தெரியாது, அவர்கள் அந்தப் பக்கம் வந்து மணி பார்த்ததே இல்லை.

பெட்டிக்காரர் ஒட்டிய கருவிகள் வெளி மணியில் அலாரம் அடித்தன. பட்டன் அமுக்கியதைப் பீரோ தன் மணியில் எழுதியது. கொம்புப் பெட்டி இரண்டையும் அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஒரே வரிசையில் அடுக்கியிருக்கிறது. அவ்வளவுதான். அந்த அடுக்கில்தான் அவள் பேர் நசுங்கியது.

விசாரணை நாளன்று மானேஜர், தலைமை ஆபீசிலிருந்து வந்த ஆபீஸ்காரர் ஒருவர், பெட்டிக்காரர் மூன்று பேரும் அறையில் காத்திருந்தார்கள். பேனலக்கா உட்காரவில்லை.

"பேச்சு வேண்டாம் சார். பீரோகிட்ட வாங்க."

"இங்கயே சொல்லுங்க."

"இங்க சொல்லிப் பாத்தாச்சு."

ஆபீஸ்காரர் எழுந்ததால் மற்றவர்களும் எழுந்தார்கள். மூன்றாவது கொப்பரை அன்று காலியாகக் கிடந்தது. அதன் பட்டனைக் காட்டி, "நீங்களே அமுக்குங்க சார். உங்க கையால" என்றாள். மானேஜர் ஆபீஸ்காரரைப் பார்த்துவிட்டு அமுக்கினார். மணி பத்து ஐந்து. போனில் ஒன்றும் வரவில்லை.

"நெட்வொர்க் ஸ்லோவா இருக்கும்" என்றார் பெட்டிக்காரர்.

"இருக்கட்டும் தம்பி. காத்திருப்போம்."

"எவ்வளவு நேரம்?"

"என்னை எவ்வளவு நேரம் காணோம்னு எழுதினீங்களோ, அவ்வளவு நேரம்."

டீ வந்தது. மூன்று பேரும் நின்றபடி குடித்தார்கள். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கைகட்டிக்கொண்டாள். கொட்டகையில் வேலை செய்தவர்கள் வேலை செய்வது போலக் கிட்டே கிட்டே நகர்ந்து வந்தார்கள். பெட்டிக்காரர் நடுவில் ஒருதரம் பீரோவின் திரையில் ஓடிய மணியைப் பார்த்தார், பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு டீயைக் குடிக்கவில்லை. பத்து முப்பத்தொன்றுக்கு போன் சிணுங்கியது. மூன்றாவது கொப்பரை, பட்டன் இப்போது அமுக்கப்பட்டது என்றது.

மானேஜர் பீரோவுக்கு இருபது அடி தள்ளி இரண்டாவது டம்ளர் டீயோடு நின்றார்.

"சார், இப்ப யாரு அமுக்கினது?" என்றாள் அவள். "நீங்க இங்க நிக்கிறீங்களே. இடத்தை விட்டு ஓடிட்டீங்களா?"

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

பெட்டிக்காரருக்கு முகம் வெளுத்துப் போயிருந்தது. "பீரோ குடுத்த நேரத்த அப்படியே எடுத்துக்கிட்டோம். இன்னும் வராத நேரம் போட்டு வந்தா, எங்க சிஸ்டம் நிறுத்தி வெச்சு அந்த நேரம் வந்தப்புறம் காட்டும். கடிகாரம் முன்னாடி ஓடும்னு யாருமே சொல்லல."

"சொல்ல வந்தவளத்தான் உக்கார வெச்சீங்களே தம்பி."

கடிகாரத்தை அவர் ஐந்து நிமிஷத்தில் சரி செய்துவிட்டார். அவ்வளவு சின்ன வேலை. ஆனால் அவளைச் சரி செய்ய அவர்களுக்கு மனம் வரவில்லை. அடுத்த நாள் வந்த கடிதத்தில், விசாரணை கைவிடப்படுகிறது, இனிமேல் கவனமாக இருக்கும்படி எச்சரித்து மீண்டும் வேலைக்கு அனுமதிக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

"கைவிடறதுன்னா நான் செஞ்சேன், நீங்க போனாப் போகுதுன்னு விட்டீங்கன்னு அர்த்தம்" என்றாள். "சத்தம் மூணு பன்னிரண்டு. பட்டன் மூணு பன்னிரண்டு. அத எழுதுங்க."

"வேலைதான் திரும்பக் குடுத்துட்டோமே" என்றார் மானேஜர்.

"வேலை உங்களுது. பேரு என்னுது."

ஆறு நாள் காலையில் வந்து ஆபீஸ் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். பீரோவுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் தூக்கமும் தன் காகிதத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், அன்றைக்கு அவருக்கு விடுப்பு. ஐந்தாம் நாள் பெஞ்சில் இடம் போதவில்லை. சிவப்புப் புள்ளி வாங்கின ஒவ்வொருத்தரும் ஷிப்ட் முடிந்ததும் வந்து நின்றார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. ஆறாம் நாள் அந்த வரியை எழுதிக் கொடுத்தார்கள். கேஸ்கெட்டைப் பற்றி அப்போதும் எழுதவில்லை. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவள் பேனாவை வாங்கி, கையெழுத்துக்குக் கீழே, கேஸ்கெட் மாற்றச் சொல்லித் தான் எழுதிய மூன்று தேதிகளையும், மானேஜர் பார்த்ததையும் தன் கோணல் எழுத்தில் நிதானமாக எழுதி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள். ஆபீஸ்காரர் படித்துப் பார்த்தார். மானேஜரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை, காகிதத்தைக் கோப்பில் வைத்தார்.

கொழுந்தன் கை தப்பியது, விரல்கள் மடங்க இன்னும் மாதங்கள் ஆகும். வீட்டுக்கு வந்துவிட்டான். அந்த வாரம் ஒரு சாயங்காலம் ஓர்ப்படி வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரவில்லை. விஷயம் அவள் காதுக்கு எட்டியிருந்தது.

"அக்கா, நான் தப்பா நெனச்சுட்டேன்."

"நெனச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு என்கிட்ட கேட்ட, அது சரி. பதில் சொன்னப்புறமும் போன்தானே உனக்குப் பெருசாப் போச்சு."

ஓர்ப்படிக்குக் கண் நிறைந்தது. "அவருக்குக் கட்டு மாத்தணும். நான் தொட்டா கத்தறாரு. அண்ணிதான் மெல்ல எடுப்பாங்கன்னு கேக்கறாரு."

பேனலக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வீட்டில் வெந்நீரில் பஞ்சை நனைத்து, ஒட்டின துணியை ஒரு நூல் ஒரு நூலாகப் பிரித்தாள். "எரியுதுண்ணி" என்றான். "எரியட்டும், ஆடாத" என்றாள். ஓர்ப்படி பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டி முடித்ததும் ஓடிப்போய் டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். அவள் வாங்கவில்லை, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கும் வருவீங்களாக்கா?"

"அவன் கைக்கு வருவேன்" என்றாள் பேனலக்கா.